புதைபடிவ மின்சாரத்தின் நீண்டகாலப் போக்கைக் கணக்கிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நாட்டின் மின்சாரத்தில் நிலக்கரி, எரிவாயு, எண்ணெய் ஆகியவற்றின் இடம் பல பத்தாண்டுகளில் எவ்வாறு மாறியது என்று கிருஷ்ணகிரி வட்டார ஆலைகளுக்காகக் கணக்கெடுக்க வரும் இளைஞர்கள், எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகளையே இன்றும் செய்கிறார்கள். அலகை மாற்றி எழுதுவது, சுழியம் ஒன்றை விட்டுவிடுவது போன்றவை மறுமுறை சரிபார்த்தாலே அகப்பட்டுவிடும் என்பதால் அவற்றை இங்கே சொல்லவில்லை.

நிறுவுதிறனை உற்பத்தி என்று படிப்பது

இந்தியாவின் மின் நிறுவுதிறனில், அதாவது நிலையங்கள் அதிகபட்சமாகத் தரக்கூடிய மெகாவாட்டில், பாதி புதைபடிவம் அல்லாத ஆதாரங்களுக்கு உரியதாகிவிட்டது என்று மத்திய அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. 2030க்கு வைத்திருந்த இலக்கை முன்கூட்டியே எட்டியது பெருமைக்குரியதே. ஆனால் அச்செய்தியை, நாட்டில் ஓடும் மின்சாரத்தில் பாதி நிலக்கரி இல்லாதது என்று மாற்றிப் படிப்பவரைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. 2024-25 நிதியாண்டில் உண்மையில் உற்பத்தியான யூனிட்டுகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அனல்மின் நிலையங்களிலிருந்தே வந்தது.

ஒரு மெகாவாட் நிலையம் ஆண்டின் 8,760 மணி நேரமும் முழுத் திறனில் ஓடினால் 87.6 லட்சம் யூனிட் கிடைக்கும். நிலக்கரி நிலையம் இதில் 70 விழுக்காடு தருகிறது என்று கொண்டால் 61 லட்சம் யூனிட்; சூரிய மின்நிலையம், இரவும் மேகமும் போக, 20 விழுக்காடு தருகிறது என்று கொண்டால் பதினேழரை லட்சம். இரண்டும் சம மெகாவாட்டில் நின்றாலும் யூனிட் கணக்கில் 78க்கு 22 என்றே பிரியும். காற்று, நீர், அணு மின்சாரம் சேரும்போது விகிதம் சற்று மாறுமே ஒழியப் பாதிக்குப் பாதி ஆகிவிடாது. ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் குதிரைத்திறனை மட்டும் பார்த்து, வயலுக்கு எவ்வளவு நீர் பாய்ந்தது என்று தர்மபுரி விவசாயி எவரும் சொல்லமாட்டார்.

இப்பகுதியிலிருந்து மாங்கூழ் ஏற்றுமதி செய்யும் ஆலை ஒன்றிடம் வெளிநாட்டுக் கொள்முதலாளர் கார்பன் கணக்கு கேட்டிருந்தார். கணக்கெழுதிய இளைஞர் நிறுவுதிறன் வரைபடத்தை நம்பி, ஒரு யூனிட்டுக்கு அரை கிலோவுக்கும் குறைவான கரியமில வாயு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் நாடு தழுவிய சராசரியோ ஏறத்தாழ 0.7 கிலோ. கொள்முதலாளரின் தணிக்கையாளர் அதை உடனே பிடித்துவிட்டார். எண்ணைத் திருத்துவது சிறிய வேலை. ஆனால் அதன் பிறகு டீசல், விறகு, குளிர்பதனம் என்று ஆலை தந்த எந்தக் கணக்கையும் ரசீது இல்லாமல் அவர் ஏற்கவில்லை. “சார், கவர்மெண்டே பாதின்னு சொல்லியிருக்குது, அப்புறம் இது எப்படித் தப்பாகும்?” என்று ஆலை உரிமையாளர் கேட்டார். அரசு சொன்னது சரி, படித்த விதம்தான் தவறு என்று விளக்கியபோது, பறிபோன நம்பிக்கையை அந்த விளக்கத்தால் மீட்க முடியவில்லை.

நீண்டகால வரைபடத்தில் இத்தவறு மேலும் ஆழமாகப் பதிகிறது. நிறுவுதிறன் கோட்டில் அனல்மின்சாரத்தின் பங்கு வேகமாகச் சரிவதாகத் தோன்றும். உற்பத்திக் கோடு மெல்லவே நகரும். கொரோனாவால் தேவை குறைந்த 2020-21இல் நிலக்கரி நிலையங்கள் தம் திறனில் ஏறத்தாழப் பாதியளவே உற்பத்தி செய்தன. நிறுவுதிறன் வரைபடத்தில் அதன் சுவடே இராது. வரைபடத்தின் செங்குத்து அச்சில் மெகாவாட் என்று இருக்கிறதா, யூனிட் என்று இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பங்கு குறைந்தால் அளவும் குறைந்தது என்பது

சீனாவின் மின்சாரத்தில் நிலக்கரியின் பங்கு 2007இல் ஏறத்தாழ 80 விழுக்காடாக இருந்து, 2023இல் 60 விழுக்காட்டை ஒட்டி இறங்கியது. அதே காலத்தில் அங்கே நிலக்கரியால் கிடைத்த யூனிட்டுகள் இரு மடங்காயின. பிரிட்டனில் இரண்டுமே சரிந்தன. 2012இல் ஐந்தில் இரண்டு பங்கு தந்த நிலக்கரி, 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலையம் மூடப்பட்டபோது முற்றிலும் நின்றது. பங்கை மட்டும் வரைந்தால் இவ்விரு நாடுகளும் ஒரே திசையில் செல்வதாகத் தெரியும்; எனவே விழுக்காட்டுக்கு ஒன்று, யூனிட்டுக்கு ஒன்று என இரண்டு வரைபடங்கள் வேண்டும்.

தொடக்க ஆண்டைத் தோதாகத் தேர்வது

1970களின் தொடக்கத்தில் இந்திய மின்சாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு நீர்மின்சாரம். அங்கிருந்து தொடங்கினால் புதைபடிவப் பங்கு ஏறுமுகம். 2014இலிருந்து தொடங்கினால் இறங்குமுகம். மழை பொய்த்து மேட்டூர் வற்றும் ஆண்டுகளைப் போன்ற வறண்ட ஆண்டுகளில் நீர்மின்சாரம் விட்ட இடத்தை நிலக்கரியே நிரப்புகிறது என்பதால், ஓராண்டை மற்றோராண்டோடு ஒப்பிடாமல் ஐந்தாண்டுச் சராசரியை எடுப்பது நல்லது.

நிதியாண்டையும் நாட்காட்டி ஆண்டையும் கலப்பது

ஒரே வரைபடத்தில் இரண்டும் கூடாது.

மொத்த உற்பத்தியை நிகர உற்பத்தியோடு ஒப்பிடுவது

நிலக்கரி நிலையம் தன் சொந்தத் தேவைக்கே கணிசமான மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. மொத்த உற்பத்தியில் அது சேரும், நிகர உற்பத்தியில் சேராது.

ஆலைகளின் சொந்த உற்பத்தியை விட்டுவிடுவது

மின்வெட்டு கடுமையாக இருந்த ஆண்டுகளில் ஓசூர்த் தொழிற்சாலைகள் டீசல் ஜெனரேட்டரை நம்பி ஓடியதை இங்குள்ளவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மின்தொகுப்புக்கு மின்சாரம் வழங்கும் நிலையங்களை மட்டும் கூட்டும் அட்டவணைகளில் அந்த டீசல் யூனிட்டுகள் இடம்பெறுவதில்லை. அட்டவணையின் அடிக்குறிப்பைப் படித்து, சொந்த உற்பத்தி சேர்ந்ததா சேராததா என்பதை வரைபடத்தின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.