'காலனைஸ்': ஆங்கிலம் எழுதும்போது நாம் வழுக்கும் இடங்கள்

பாரசீக மன்னர் நாதிர்ஷா 1739இல் டெல்லியைக் 'காலனைஸ்' செய்ததாக, அதாவது குடியேற்ற நாடாக்கியதாக, ஒரு மாணவி ஆங்கிலக் கட்டுரையில் எழுதியிருந்தாள். இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. நடந்த கதைதான் மாறிப்போயிருந்தது. நாதிர்ஷா படையோடு வந்தார், கொள்ளையடித்தார், மயிலாசனத்தைத் தூக்கிக்கொண்டு பாரசீகத்துக்குத் திரும்பிவிட்டார். அது 'இன்வேட்', அதாவது படையெடுப்பு.

'காலனைஸ்' என்ற வினைச்சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'கொலோனுஸ்' என்றால் உழவன். ரோமானியர்கள் வென்ற நிலத்தில் தம் ஆட்களைக் குடியமர்த்திய ஊர் 'கொலோனியா'. ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்குப் பெயர் வந்ததே அதிலிருந்துதான். ஆக, வந்தவர் திரும்பிப் போகாமல் தங்க வேண்டும், அல்லது அந்த மண்ணையும் மக்களையும் நெடுங்காலம் தன் நாட்டின் பிடியில் வைத்து ஆள வேண்டும். 1940இல் ஹிட்லரின் படை பாரிஸுக்குள் நுழைந்து 1944 வரை இருந்தது. அதற்கு 'ஆக்குபை', அதாவது ஆக்கிரமிப்பு, என்ற சொல் போதும். 1849இல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பஞ்சாபைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியோடு இணைத்தார். அந்தச் செயல் 'அனெக்ஸ்'. காலனைஸ் என்பது இவற்றையெல்லாம் உள்ளே வைத்திருக்கக்கூடிய நீண்ட நடப்பு.

அதனால்தான் 'ஆங்கிலேயர் 1600இல் இந்தியாவைக் காலனைஸ் செய்தனர்' என்று ஒற்றை ஆண்டை ஒட்டவைத்து எழுதக் கூடாது. 1600 டிசம்பர் 31 அன்று கம்பெனிக்குக் கிடைத்தது வணிகம் செய்ய உரிமைப் பட்டயம். 1639இல் சென்னையில் இடம், 1757இல் பிளாசிப் போர் வெற்றி, 1858இல் அரசியின் நேரடி ஆட்சி எனப் பிடி இறுக இரண்டரை நூற்றாண்டு ஆயிற்று.

தமிழில் யோசித்து எழுதும்போது இன்னொரு சிக்கல். நாம் 'அடிமைப்படுத்தினார்கள்' என்கிறோம். அதை அப்படியே 'என்ஸ்லேவ்' என்று மாற்றிவிடுகிறோம். அந்தச் சொல் மனிதனை விலைக்கு வாங்கி விற்ற கொடுமைக்கு உரியது. அதைக் கண்ட இடத்தில் பயன்படுத்தினால், அப்படி விற்கப்பட்டவர்களின் துயரம் மங்கிப்போகும். 'செட்டில்' (குடியேறு) என்ற மென்மையான சொல்லிடமும் எனக்கு எச்சரிக்கை உண்டு. 1788இல் ஆங்கிலேயர் சிட்னியில் இறங்கியபோது ஆஸ்திரேலியா வெற்று நிலமல்ல. பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். 'செட்டில்' என்று மட்டும் எழுதினால் அவர்கள் வாக்கியத்திலிருந்து காணாமல்போகிறார்கள். காலனைஸ் என்று எழுதினால் யாரோ ஒருவரின் நிலம் பறிபோனது தெரியும்.

வாக்கிய அமைப்பு எளிது. இந்த வினை நேராகச் செயப்படுபொருளை எடுக்கும்: 'தி பிரிட்டிஷ் காலனைஸ்டு இந்தியா.' நடுவில் 'இன்', 'ஆன்', 'ஓவர்' எதுவும் வேண்டாம். தமிழில் 'இந்தியாவை' என்று இரண்டாம் வேற்றுமை போடுகிறோமே, அதே கணக்கு. கடைசி எழுத்துகளை 'எஸ்' வைத்தும் எழுதலாம், 'இஸட்' வைத்தும் எழுதலாம். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

'காலனைஸ்டு', 'காலனிஸ்ட்' இரண்டும் காதுக்கு அக்காள் தங்கை மாதிரி. முன்னது ஆளப்பட்டவர்களைக் குறிக்கும்; பின்னது குடியேறியவரை. அமெரிக்காவில் 1776இல் பிரிட்டனிடமிருந்து விடுதலையை அறிவித்தவர்கள் இந்தக் காலனிஸ்டுகள்தான். ஆகவே 'காலனிஸ்டுகளிடமிருந்து அமெரிக்கா விடுதலை பெற்றது' என்று எழுதினால் கதை தலைகீழாகிவிடும். புதிதாக மனை போட்டு வீடுகள் எழும்பிய பகுதியை 'காலனைஸ் ஆகிவிட்டது' என்று சொல்வதையும் விட்டுவிடுங்கள். ஹரியானாவின் 1975ஆம் ஆண்டுச் சட்டம் மனைப்பிரிவு போடுபவரைக் 'காலனைஸர்' என்கிறது என்பது உண்மை; பொது ஆங்கிலத்தில் அந்தப் பொருள் வராது.

உயிரியலில் இதே சொல் வேறு நிறம் கொள்கிறது. 1963இல் ஐஸ்லாந்து அருகே கடலடி எரிமலை வெடித்து சுர்ட்ஸே என்ற தீவு எழுந்தது. பாசியும் செடியும் பறவையும் ஒவ்வொன்றாக வந்து அதைக் காலனைஸ் செய்தன. இங்கே யாரும் யாரையும் ஆளவில்லை. ஆய்வக அறிக்கையில் 'காலனைசேஷன்' என்று பார்த்துக் கலங்கிப்போய் என்னிடம் காட்டியவர்கள் உண்டு. கிருமி மூக்கிலோ தோலிலோ குடியிருக்கிறது, ஆனால் அதனால் நோய் உண்டாகவில்லை என்பதே அதன் பொருள். நோய்த்தொற்றுக்கு 'இன்ஃபெக்ஷன்' என்பார்கள். சிகிச்சை வேண்டுமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு சொல். ஈழத்தமிழர் எழுத்தில் 'குடியேற்றம்' என்று வந்தால் உடனே 'இமிக்ரேஷன்' என்று போட்டுவிடாதீர்கள். அது வெளிநாட்டிலிருந்து வருவோருக்கு உரிய சொல். 1949இல் தொடங்கிய கல்லோயா போன்ற திட்டங்களில் இலங்கை அரசே உழவர்களை அழைத்துவந்து நாட்டின் கிழக்கில் குடியமர்த்தியது. ஆங்கில ஆவணங்களிலேயே அதற்குக் 'காலனைசேஷன் ஸ்கீம்' என்றுதான் பெயர். அதை 'இமிக்ரேஷன்' ஆக்கினால் குடியமர்த்திய அரசும் மறைந்துவிடும், அதைப் பற்றித் தமிழர்கள் சொல்லிவரும் முறையீடும் மறைந்துவிடும்.