இங்கிலாந்துக்குப் பிள்ளைத்தாய்ச்சியாக வருகிறவர்களுக்கு: பிரஷர் மிஷினும் ஆப்பும்

லீவுக்குச் சேலம் அம்மாப்பேட்டையில் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண் ஐந்து மாதக் கர்ப்பத்தோடு அடுத்த வாரம் இங்கிலாந்து கிளம்புகிறாள். பெட்டியில் தட்டுவடை வரைக்கும் ஏறிவிட்டது. பிரஷர் பற்றி அவளிடம் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

நம் ஊரில் செக்கப்புக்குப் போகாவிட்டால் நர்சம்மா வீட்டுக்கே வந்து கேட்பார். அங்கே நீங்கள்தான் கூப்பிட வேண்டும். பிரஷர் ஏறினால் மிட்வைஃப் (கர்ப்பத்தையும் பிரசவத்தையும் கவனிக்கிறவர்) பல இடங்களில் ஒரு மிஷினைக் கொடுத்து, வீட்டிலேயே பார்த்து ஆப்பில் பதியச் சொல்வார். 2020-இல் கொரோனா வந்தபோது இது பரவலானது. எல்லா ஊரிலும் ஒரே ஆப் கிடையாது. சில இடங்களில் வெறும் தாள்தான்.

ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள், கால் மேல் கால் வேண்டாம், கை மேஜைமேல் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். குளிருக்குப் போட்ட ஸ்வெட்டர் மேலேயே பட்டையைச் சுற்றாதீர்கள். சொந்தமாக வாங்கினால், கர்ப்பிணிகளிடம் சோதித்த மாடலா என்று மிட்வைஃபிடம் கேளுங்கள்.

நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் 148/92 வந்தது. மாடி ஏறினதால்தான் என்று நானே முடிவுகட்டி, மறுபடி மறுபடி பார்த்து, கடைசியில் வந்த 132-ஐ மட்டும் பதிந்தேன். அடுத்த செக்கப்பில் மிட்வைஃப் மிஷினின் மெமரியைத் தட்டினார். எல்லாம் வரிசையாக இருந்தது. திட்டவில்லை, அதுதான் இன்னும் கூச்சம்.

மேல் எண் 140, கீழ் எண் 90, இரண்டில் எது எட்டினாலும் சற்றுப் பொறுத்து மறுபடி பாருங்கள். குறையாவிட்டால் அன்றே ஆஸ்பத்திரியின் மெட்டர்னிட்டி யூனிட்டுக்கு (பிரசவப் பிரிவு) போன் போடுங்கள். 160 அல்லது 110 என்றால் உடனே. ஆப்பில் போட்டாச்சு, யாரோ பார்ப்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள்; ராத்திரியில் யாரும் பார்க்காமலே கிடக்கலாம். கடும் தலைவலி, கண்முன் மின்னல், விலா எலும்புக்குக் கீழே வலி, திடீரென முகம் வீங்குவது இருந்தால் எண் நன்றாக இருந்தாலும் கூப்பிடுங்கள். வலிப்பு வந்தால் 999, அதுதான் அங்கே ஆம்புலன்ஸுக்கான அவசர எண்.

ஊரிலேயே பிரஷர் மாத்திரை போடுகிறவர்கள் இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். டெல்மிசார்டன், ராமிப்ரில் போன்றவை கர்ப்பத்தில் ஆகாது. பெரும்பாலும் லேபெட்டலாலுக்கோ நிஃபெடிபினுக்கோ மாற்றுவார்கள். பிரசவமானதும் மிஷினைத் திருப்பிக் கொடுக்க அவசரப்படாதீர்கள், அதற்கப்புறமும் சில வாரம் பிரஷர் ஏறலாம்.

கோடையில் அங்கே இரவு 2 மணி என்றால் சேலத்தில் காலை ஆறரை. அம்மா எழுந்திருப்பார், கை தானாக அவர் நம்பருக்குத்தான் போகும். முதலில் யூனிட்டுக்குப் பேசுங்கள், அப்புறம் அம்மாவுக்கு.