பஸ்ஸில் போய் மலையில் தங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகரத்திலிருந்து ரயிலோ பஸ்ஸோ பிடித்துப் போய், அங்கிருந்து நடந்து, ஓர் இரவு கூடாரத்தில் தங்கிவிட்டுத் திரும்புபவர்கள் இப்போது நிறையப் பேர். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. புதிதாக வருபவர்களோடு அடிக்கடி நடக்கிறேன். ஆரம்பத்தில் நான் இடறிய அதே இடங்களில்தான் அவர்களும் இடறுகிறார்கள். புது ஷூ காலைக் கடிக்கும், டார்ச் வேண்டும், மழைக்கு உறை வேண்டும் என்பதெல்லாம் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சொல்ல வேண்டியவை வேறு.

திரும்பும் பஸ்ஸைக் கடைசியாகப் பார்ப்பது

இந்த ஒன்றைப் பார்த்தால் எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது. போகும் பஸ்ஸை நிமிடம் பிசகாமல் குறித்து வைத்திருப்பார்கள். வருவதற்கு என்ன என்று கேட்டால், “அதே பஸ்தானே, திரும்பி வராமலா போகும்?” என்பார்கள். வராமலும் போகும்.

ஒரு ஞாயிறு மாலை, மலையடிவாரத்து நிறுத்தம் ஒன்றில் நான்கு பேர் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருந்தார்கள். 6:10-க்குக் கடைசி பஸ் என்று போனில் இருந்த படத்தைக் காட்டினார்கள். நிறுத்தத்துப் பலகையிலும் 6:10 இருந்தது. ஆனால் அதன் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி. பலகையின் அடியில், மழையில் பாதி அழிந்த பொடி எழுத்தில் அதற்கான விளக்கம்: பள்ளி நாட்களில் மட்டும். ஞாயிற்றுக்கிழமைக்கான கடைசி பஸ் மதியமே போய்விட்டது. இரண்டு நாள் நடந்து களைத்த காலோடு, ஓரத்தில் ஒதுங்க இடமில்லாத தார்ச்சாலையில், இருட்டில் ரயில் நிலையம் வரை நடந்தார்கள். கடைசி ரயிலும் போய்விட்டது. மலை அவர்களை ஒன்றும் செய்யவில்லை. அந்தச் சாலையில் வண்டி மோதாமல் தப்பித்ததுதான் பெரிய விஷயம்.

கிராமப்புற பஸ்கள் வேலை நாளுக்கு ஒரு மாதிரி, சனிக்கு ஒரு மாதிரி, ஞாயிறுக்கும் விடுமுறைக்கும் வேறு மாதிரி ஓடும். சில தடங்கள் குறிப்பிட்ட மாதங்களில் மட்டுமே உண்டு. போன் செயலியோ, நாம் தேதியை மாற்றாதவரை, தேடுகிற அன்றைக்கான நேரத்தைத்தான் காட்டும். புதன்கிழமை உட்கார்ந்து தேடினால் புதன்கிழமை பஸ்தான் வரும். திரும்பும் நாளையும் நேரத்தையும் கொடுத்துத் தனியாகத் தேடுங்கள்.

அப்புறம், திட்டத்தை அந்த பஸ்ஸிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். கடைசி பஸ்ஸை நம்பிப் போடாதீர்கள். அதற்கு முந்தையதைப் பிடிப்பதாக வைத்துக்கொண்டால், கடைசி பஸ் கையிருப்பாக இருக்கும். நடை நேரத்துக்கு ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-ல் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இரண்டாம் நாள் 12 கிலோமீட்டர் நடையும் 600 மீட்டர் ஏற்றமும் இருந்தால் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். இது நிற்காமல் நடப்பவருக்கான கணக்கு. முதுகில் சுமை, ஓய்வு, இறக்கத்தில் முட்டி வலி எல்லாம் சேர்த்து ஐந்து மணி என்று வையுங்கள். பனியில் நனைந்த கூடாரத்தை உதறி மடித்துக் கிளம்பவே ஒன்றரை மணி ஆகும். ஆக, 3:40 பஸ்ஸுக்கு அரை மணி முன்னதாக நிறுத்தத்தில் நிற்க வேண்டுமென்றால், காலை எட்டரைக்காவது எழுந்தாக வேண்டும். இதை வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.

திரும்பவும் அதே நிறுத்தத்துக்கு வருவதாக இருந்தால், போய் இறங்கியதும் நடக்கத் தொடங்காதீர்கள். பலகையைப் படம் எடுங்கள், நட்சத்திரக் குறிகளோடு. திரும்பும் பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று ஓட்டுநரிடமே கேளுங்கள். வட்டமடித்து வரும் தடமென்றால் இறங்கிய பக்கத்திலேயே ஏற வேண்டியிருக்கும். கை காட்டினால்தான் நிற்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள். கேட்க ஐந்து நொடி.

முதல் நாளை முழு நாளாக எண்ணுவது

ரயில், பஸ், காத்திருப்பு எல்லாம் முடிந்து நடக்கத் தொடங்கும்போது பெரும்பாலும் நண்பகல் ஆகியிருக்கும். முதல் நாளுக்குப் பாதி தூரம் போதும். வெளிச்சம் இருக்கும்போதே கூடாரம் எழுந்துவிட வேண்டும்.

ஸ்லீப்பிங் பேகின் தவறான எண்ணை நம்புவது

அதன் லேபிளில் முக்கியமாக இரண்டு வெப்பநிலைகள் இருக்கும். ஒன்று வசதியாகத் தூங்குவதற்கானது; இன்னொன்று சுருண்டு படுத்து எப்படியோ சமாளிப்பதற்கான எல்லை. கடைக்காரர் பெரிதாகக் காட்டுவது இரண்டாவதாக இருக்கலாம். நீங்கள் முதலாவதைப் பாருங்கள். காரில் வந்தவர் குளிர் தாங்காவிட்டால் காருக்குள் போய் ஹீட்டரைப் போட்டுக்கொள்வார். உங்களுக்குக் காலை வரை பஸ் இல்லை. பள்ளத்தாக்கின் அடியில் கூடாரம் போடவும் வேண்டாம். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் இறங்கி அங்கேதான் தேங்கும்.

நடுவழியில் வெளியேற வழி பார்க்காதது

கணுக்கால் பிசகினால் எந்தப் பாதையில் இறங்கி, எந்தச் சாலையில், எந்த பஸ்ஸைப் பிடிப்பது? அதை வரைபடத்தில் குறித்து, சிக்னல் இல்லாமலும் திறக்கும்படி போனில் சேமித்து வையுங்கள். ஒரு பிரதி காகிதத்திலும் இருக்கட்டும். குளிரில் போன் பேட்டரி சட்டென்று இறங்கும்.

எரிவாயு குப்பி

சமையல் அடுப்புக்கான இந்தக் குப்பிக்குப் பல ரயில்களிலும் பஸ்களிலும் அனுமதி இல்லை. விதியைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். அனுமதி இல்லையென்றால் ஓர் இரவுக்குச் சமைக்காத உணவே போதும்.

சேறு அப்பிய ஷூவோடு ஏறுவது

மாற்றுச் செருப்பும் ஒரு பெரிய பையும் கொண்டுபோங்கள்.