பரணில் இருக்கும் தொடர்கதைக் கட்டைக் காப்பாற்றும் முறை

‘கல்கி’ வார இதழில் 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ மணியத்தின் ஓவியங்களோடு வெளிவந்தபோது, வாரந்தோறும் அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, பிறகு பைண்டு செய்து வைத்த வீடுகள் பல. எங்கள் பாட்டியிடமும் அப்படியொரு கட்டு இருந்தது. கோடை விடுமுறையின் பிற்பகல்கள் முழுவதும் அதற்கே உரியவை.

உங்கள் வீட்டிலும் ஒன்று கிடைத்தால், உடனே விரித்துப் படிக்கும் ஆவலைச் சற்று அடக்கிக்கொள்ளுங்கள். மலிவான அச்சுத்தாளில் லிக்னின் என்னும் மரப்பொருள் மிகுதியாக இருப்பதால், வெளிச்சமும் காற்றும் பட்டு அது பழுப்பேறி, மடித்த இடத்திலேயே ஒடியும். ஆகவே மேசைமேல் வைத்து, இருபுறமும் புத்தகங்களைத் தாங்கலாகக் கொடுத்து, பாதியளவு மட்டும் திறந்து, மென்மையான தூரிகையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தூசியை நீக்குங்கள். கிழிசலில் செலோடேப் ஒட்டவே கூடாது. அதன் பசை நாளடைவில் மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். வெயிலில் காயவைப்பதும் வேண்டாம்.

ஈரமில்லாத அலமாரியில், சுவரை ஒட்டாமல் படுக்கை வாக்கில் வையுங்கள்; ஈரம் இருந்தால் காகிதத்தை அரிக்கும் இராமபாணப் பூச்சி வந்துவிடும். பக்கங்களைப் படமெடுக்கும்போது, கதையோடு சேர்ந்து வந்துவிட்ட துணுக்குகள், சோப்பு விளம்பரங்கள், ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதிய பால் கணக்கு ஆகிய எதையும் விட்டுவிடாதீர்கள்.