பெட்டி வாங்கும் முன் சங்கத்தில் சேருங்கள்

தேனீ வளர்க்கப் போகிறேன் என்று சொல்பவர்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது, நல்ல பெட்டி எங்கே கிடைக்கும் என்பதுதான். பெட்டி இருக்கட்டும், உங்கள் வட்டாரத்தில் தேனீ வளர்ப்போர் சங்கம் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள் என்பேன். ஒரு பருவம் முழுக்க அடுத்தவர் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். அப்புறம் வாங்கலாம்.

நான் இந்த வரிசையை மாற்றிச் செய்தேன். முதல் வருடம் ஒரே ஒரு பெட்டி, துணைக்குப் படித்த அறிவு மட்டும். ஒருநாள் திறந்தபோது ராணியைக் காணவில்லை, முட்டையும் இல்லை. ராணி செத்துவிட்டது என்று முடிவு கட்டி, புது ராணி ஒன்றை வாங்கி உள்ளே விட்டேன். மூன்றாம் நாள் அது பெட்டி வாசலில் செத்துக் கிடந்தது. அடுத்த வாரம் பார்த்தால், அடை நிறைய முட்டை! நடந்தது இதுதான்: கூட்டம் பிரிந்து பழைய ராணி போயிருக்கிறது, உள்ளே ஒரு கன்னி ராணி பிறந்திருக்கிறது. அது வெளியே பறந்து போய் ஆண் தேனீக்களுடன் கூடித் திரும்பி முட்டையிட இரண்டு மூன்று வாரமாவது ஆகும். அந்த இடைவெளியில்தான் நான் கை வைத்தேன். வீட்டில் ராணி இருக்கும்போது வந்த இன்னொரு ராணியைத் தேனீக்கள் விட்டுவைக்கவில்லை.

பிறகு சங்கத்தில் சேர்ந்து இதைச் சொன்னபோது மூத்த அம்மா ஒருவர் கேட்டார்: “யார்கிட்டயாவது ஒரு முட்டைச் சட்டம் வாங்கி வெச்சுப் பாத்தீங்களா?” அப்படி ஒரு வழி இருப்பதே எனக்குத் தெரியாது. நல்ல நிலையில் இருக்கும் வேறொரு பெட்டியிலிருந்து, முட்டையும் இளம் புழுவும் உள்ள ஒரு சட்டத்தை, அதாவது அடை கட்டிய மரச் சட்டகத்தை எடுத்து, சந்தேகம் உள்ள பெட்டிக்குள் வைக்க வேண்டும். நான்கு நாள் கழித்துத் திறந்து பார்க்க வேண்டும். ராணி இல்லாவிட்டால், அந்தப் புழுக்களில் சிலவற்றைச் சுற்றித் தேனீக்கள் ராணி அறை கட்டத் தொடங்கியிருக்கும். கட்டி முடிந்தால் அது வேர்க்கடலை தொங்குவதுபோல் இருக்கும். ராணி இருந்தால் பெரும்பாலும் சும்மா விட்டுவிடும். சந்தேகமும் தீரும், ராணி உண்மையிலேயே இல்லையென்றால், புது ராணியை வளர்த்துக்கொள்ள வழியும் கிடைக்கும்.

அந்தச் சட்டத்தைக் கடையில் வாங்க முடியாது. பக்கத்தில் இன்னொரு வளர்ப்பாளர் இருக்க வேண்டும், அவர் பெட்டி நன்றாக இருக்க வேண்டும், அவருக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும். சங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அதே அம்மாவிடம்தான் முட்டை பார்க்கவும் கற்றேன். “ராணியைத் தேடாதீங்க, முட்டையைத் தேடுங்க” என்பார். சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். வெளிச்சம் தோளுக்கு மேலாக வந்து அறையின் அடியில் விழும்படி சட்டத்தைச் சாய்க்க வேண்டும். முட்டை 3 நாளில் பொரிந்துவிடும். ஆகவே முட்டை கண்ணில் பட்டால், மூன்று நாளைக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறது என்று பொருள். முட்டை நிமிர்ந்து நின்றால் அன்று இட்டது, படுத்துவிட்டால் பொரியும் நேரம். எத்தனையோ படங்களில் இதைப் பார்த்திருக்கிறேன். அவர் என் கையைப் பிடித்துச் சட்டத்தைச் சாய்த்தபோதுதான் உண்மையில் தெரிந்தது.

நோய் விஷயத்தில் சங்கம் இன்னும் முக்கியம். உங்கள் தேனீ உங்கள் வேலிக்குள் நிற்காது. இரண்டு மூன்று கிலோமீட்டர் சாதாரணமாகப் போய்வரும். ஒருவர் பெட்டி, தேனீ உடலில் ஒட்டி வாழும் வரோவா என்ற உண்ணியால் பலவீனமானால், சுற்றுவட்டாரத் தேனீக்கள் அங்கே தேன் திருடப் போகும். உண்ணி அவற்றின் முதுகில் ஏறி உங்கள் வீட்டுக்கு வரும். எங்கள் சங்கத்தில் எல்லோரும் ஒரே வாரத்தில் கணக்கெடுத்து, ஒரே சமயத்தில் மருத்துவம் பார்க்கிறோம். கணக்கெடுப்பது எளிது: புழு உள்ள சட்டத்திலிருந்து அரைக் கோப்பை, அதாவது சுமார் 300 தேனீக்களை, வலைமூடி போட்ட புட்டியில் எடுத்துப் பொடித்த சர்க்கரை தூவிக் குலுக்க வேண்டும். அதற்கு முன் ராணி அந்தச் சட்டத்தில் இல்லை என்று இரண்டு முறை பாருங்கள். 9 உண்ணி உதிர்ந்தால், நூறு தேனீக்கு 3 உண்ணி என்று கணக்கு. தனியாகச் செய்தால் அது வெறும் எண். பத்துப் பேர் எண்ணும் சேர்ந்தால்தான் உண்ணி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று புரியும்.

புழு அழுகல் நோயையும் அங்கேதான் நேரில் பார்த்தேன். மூடி குழிந்து, நிறம் கறுத்த அறைக்குள் தீக்குச்சியை விட்டு மெல்ல இழுத்தால், பழுப்பாக நூல் போல நீண்டு வந்தது. அமெரிக்கப் புழு அழுகல் என்கிற அந்த நோயின் வித்துகள் பழைய பெட்டி மரத்தில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். யாரோ பயன்படுத்திய பெட்டியை மலிவாக வாங்கலாம் என்று யோசிப்பவர்கள், சங்கத்தில் ஒருவரை அழைத்துப் போய்க் காட்டாமல் வாங்காதீர்கள்.

கருவிகளைப் பகிர்ந்துகொள்வது எல்லோரும் சொல்லும் நன்மை, உண்மைதான். தேன் பிழியும் இயந்திரம் வருடத்தில் சில நாள்தான் வேண்டும். தேனின் ஈரப்பதம் பார்க்கும் கருவியும் அப்படியே. 18 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதியாகப் பாட்டிலில் அடைக்கலாம். இயந்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுங்கள். கையுறையும் பழைய அடைகளும் மட்டும் கைமாற வேண்டாம்.

எல்லாச் சங்கமும் நன்றாக இருந்துவிடாது. சேருவதற்கு முன் இரண்டு கூட்டத்துக்குச் சும்மா போய் உட்காருங்கள். பெட்டியைத் திறந்து காட்டுகிறார்களா, பேச்சோடு முடிக்கிறார்களா? போன வருடம் எத்தனை தேனீக் கூட்டம் செத்தது என்று கேட்டால் வெளிப்படையாகச் சொல்கிறார்களா? இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் இடத்தில் நோயை மறைப்பார்கள். வந்த முதல் நாளே புதியவரிடம் பெட்டி விற்கப் பார்க்கும் இடமும் வேண்டாம்.

சேர்ந்த பிறகு வேறொரு குழப்பம் வரும்: ஆளுக்கொன்று சொல்வார்கள். இதில் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். முதல் வருடத்துக்கு ஒருவரை மட்டும் பின்பற்றுங்கள். பெட்டிகளை வருடா வருடம் உயிரோடு காப்பாற்றி வருபவராக இருக்கட்டும். மற்றவர்கள் சொல்வதை நோட்டில் எழுதி, பக்கத்தில் ‘ஏன்’ என்று கேட்டு வந்த பதிலையும் எழுதுங்கள். இரண்டாம் வருடம் அந்த நோட்டைப் படித்தால், பாதி முரண்பாடு பருவத்தால் வந்தது என்று தெரியும். பூ நிறைய இருக்கும்போது சொன்னதும் பஞ்ச காலத்தில் சொன்னதும் ஒன்றாக இருக்காது.

முதல் நாள் வெளிர் நிற முழுக்கைச் சட்டை போட்டுப் போங்கள். வாசனைத் திரவியம் வேண்டாம். வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டும் போகாதீர்கள். தேனீ கொட்டும்போது வெளிவிடும் எச்சரிக்கை மணம் கிட்டத்தட்ட வாழைப்பழ வாசனைதான். தேனீ கொட்டி முன்பு எப்போதாவது மூச்சுத் திணறியிருந்தால் மருத்துவரைப் பாருங்கள், சங்கத்தாரிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். தேன் எடுக்கும் நாளில் சட்டம் சுமக்கப் போங்கள். கூட்டத்தில் கேட்காத கேள்வியெல்லாம் அன்று கேட்கலாம்.

இரண்டு மூன்று வருடத்தில், ஒரு மாலை யாராவது புதியவர் உங்களைக் கூப்பிட்டு, முட்டைச் சட்டம் ஒன்று கிடைக்குமா என்று கேட்பார். கொடுங்கள். கொடுக்கும் முன் அந்தச் சட்டத்தின் புழுக்களை வெளிச்சத்தில் ஒருமுறை நன்றாகப் பாருங்கள், தேனீக்களை உங்கள் பெட்டிக்குள்ளேயே உதறிவிட்டு, ராணி அதில் இல்லை என்று உறுதிசெய்த பிறகு கொடுங்கள்.