பேல் ஏல்: வாய்க்கு முன்னால் மூக்கு

கலிஃபோர்னியாவில் குடியிருப்பவன் என்பதால், பேல் ஏல் என்ற பீர் வகையைச் சொன்னதும் எனக்கு நினைவுக்கு வருவது பச்சை லேபிள் ஒட்டிய சியரா நெவாடா. சிக்கோ என்ற ஊரில் கென் கிராஸ்மனும் கூட்டாளியும் 1980-இல் காய்ச்ச ஆரம்பித்த கம்பெனி. ஆல்கஹால் 5.6 சதவீதம், கசப்பு 38 ஐபியூ (பீரின் கசப்பை அளக்கும் அலகு). எங்கும் கிடைக்கும், விலையும் கையைக் கடிக்காது. ருசி பார்த்துப் பழக இதிலேயே தொடங்குங்கள்.

வாங்கும்போது அடைத்த தேதியைப் பாருங்கள். நாளாக ஆக ஹாப் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) மணம்தான் முதலில் மங்கும். மூன்று மாதம் தாண்டியதை நான் எடுப்பதில்லை. ஃப்ரிட்ஜில் இருப்பது உத்தமம். கடை ஜன்னலோரம் வெயில் காய்கிற பாட்டில் வேண்டவே வேண்டாம்.

சாம்பார்க் கிண்ணம் தேய்த்த ஸ்பாஞ்சால் பீர் கிளாஸைத் தேய்க்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு துளி இருந்தாலும் நுரை நிற்காது. ஊற்றிய பிறகு உள்பக்கத்தில் குமிழிகள் அப்பிக்கொண்டு நின்றால் கிளாஸ் சுத்தமில்லை என்று அர்த்தம். ஊறுகாய், காபி, பல் தேய்த்த வாய் எதுவும் அந்த நேரத்துக்கு ஆகாது.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் பத்து நிமிடம் சும்மா வையுங்கள். 7 முதல் 10 டிகிரி செல்சியஸ் போதும். ஊரிலிருந்து வந்த என் மச்சினன், "என்ன மாமா, ஜில்லுனே இல்ல" என்று முகம் சுளித்தான். ஜில்லென்று இருந்தால் நாக்கு மரத்துப்போகும், மணமும் எழும்பாது. சியரா நெவாடாவின் ஈஸ்ட் பாட்டிலுக்குள்ளும் கொஞ்சம் வேலை செய்கிறது. அடியில் படியும் வண்டலைக் கலக்காமல், நிதானமாக, இரண்டு விரல் நுரை வருகிற மாதிரி ஊற்றுங்கள்.

உடனே குடித்துவிடாதீர்கள். நுரை அடங்குவதற்குள் மூக்கைக் கிளாஸுக்குள் விட்டு, சின்னச் சின்னதாக இரண்டு மூன்று தடவை முகருங்கள். வருகிற வாசனையை அப்படியே எழுதிவையுங்கள், நம்மூரில் சொல்கிற பெயரிலேயே. மச்சினன் முகர்ந்துவிட்டு, "மாமா, இதுல பம்பளிமாஸ் பிழிஞ்சிருக்கானா?" என்றான். ஒரு பழமும் போடவில்லை. அது காஸ்கேட் என்ற ஹாப்பின் மணம். அமெரிக்க வேளாண் துறை ஆரிகனில் வளர்த்து 1972-இல் வெளியிட்ட ரகம். பம்பளிமாஸ் தோல், பூ, கொஞ்சம் பைன் பிசின். ஹாப்பை ஆரம்பத்திலேயே போட்டுக் கொதிக்கவைத்தால் கசப்பு இறங்கும், வாசனை எண்ணெய் ஆவியாகிப் போய்விடும். அதனால் மணத்துக்கென்று கடைசியில் ஒரு கை போடுவார்கள். அதற்கு அடியில் மெல்ல ரொட்டி ஓரம், கேரமல் வாடை வரும், அது மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி.

நிறம் பொன்னுக்கும் வெளிர் செம்பழுப்புக்கும் நடுவில் இருந்தால் சரி. லேசான கலங்கல் குற்றமில்லை.

இப்போது ஒரு வாய். நாக்கு முழுக்கப் பரவவிட்டு விழுங்கி, மூச்சை மூக்கு வழியே விடுங்கள். பாதி ருசி அங்கேதான் தெரியும். ஒயின்காரர்கள் துப்புகிற மாதிரி துப்பவேண்டாம், கசப்பு முழுசாகப் புரிவது விழுங்கிய பிறகுதான். மால்ட்டின் இனிப்பு முதலில் வந்து, கசப்பு அதை மூடி, பிறகு சுத்தமாக விலகவேண்டும். கசப்பு நாக்கில் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றால் நான் மதிப்பெண்ணைக் குறைப்பேன். பாப்கார்ன் வெண்ணெய், வேகவைத்த சோளம், பச்சை ஆப்பிள் வந்தால் காய்ச்சியதில் கோளாறு. நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்றால் காற்றுப்பட்டுப் பழசாகிவிட்டது.

பிஜேசிபி என்ற பீர் போட்டி நடுவர் அமைப்பின் மதிப்பெண் தாளில் மொத்தம் 50: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயில் உணரும் கனம் 5, மொத்த அபிப்பிராயம் 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்று! இன்ஸ்டாகிராமுக்குப் படம் எடுப்பவர்கள் கவனிக்க. எனக்குப் பிடித்ததா என்பது வேறு, பேல் ஏலாகத் தேறியதா என்பது வேறு. இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

மூக்கைப் பழக்க ஒரு வழி: ஒரே பாட்டிலிலிருந்து இரண்டு கண்ணாடி கிளாஸில் ஊற்றி, ஒன்றை அலமாரிக்குள்ளும் இன்னொன்றை நல்ல வெயிலிலும் கால் மணி நேரம் வையுங்கள். வெளிச்சம் பட்டதும் ஹாப்பின் கசப்புப் பொருள் உடைந்து, இங்கே ராத்திரியில் தெருவை நாறடிக்கும் ஸ்கங்க் விலங்கின் வாடை கிளம்பும். பழுப்பு பாட்டில் எதற்கு என்பது அப்போது புரியும். வெயிலில் வைத்ததை சிங்கில் ஊற்றிவிட்டு, அலமாரியில் இருப்பதைக் குடியுங்கள்.