ஸ்ட்ரெஸ் தாலியம் ஸ்கேனுக்குப் போறீங்களா, முந்துன நாளே காபியை நிறுத்துங்க

மாடி ஏறினா நெஞ்சு பிடிக்குதுன்னு போனா ஈசிஜி, எக்கோ எல்லாம் பாத்துட்டு "ஒரு ஸ்ட்ரெஸ் தாலியம் பண்ணிடுங்க"ன்னு எழுதிக் கொடுத்துடுவாங்க. எக்கோல இதயம் எப்படி அடிக்குது, வால்வு எப்படி இருக்குன்னு தெரியும், ஆனா அந்தத் தசைக்கு ரத்தம் ஒழுங்கா போய்ச் சேருதா, வேலை கொடுத்தாலும் சேருதான்னு பாக்கத்தான் இந்த ஸ்கேன். இதுக்கு நியூக்ளியர் மெடிசின் துறை இருக்குற ஆஸ்பத்திரி வேணும், பாண்டில கோரிமேடு ஜிப்மர்ல இருக்கு. பேரு தாலியம்னாலும் இப்போ பெரும்பாலும் போடுறது டெக்னீசியம்ங்குற கதிர்வீச்சு மருந்துதான், அதோட வீரியம் 6 மணி நேரத்துல பாதியாயிடும், அதனால போக முடியலன்னா முந்துன நாளே சொல்லிடுங்க, உங்களுக்குன்னு ரெடி பண்ணது வீணாப் போகும்.

இப்போ காபி. விடியக்காலைல கடலூர்ல பஸ் ஏறி பாண்டி பஸ் ஸ்டாண்ட்ல இறங்குனதும் ஒரு காபி அடிக்காம நம்மாளுங்களுக்கு கண்ணே திறக்காது, அங்கதான் டெஸ்டே கெட்டுப்போகுது. ட்ரெட்மில்ல நடக்க முடியாதவங்களுக்கு அடினோசின் மாதிரி ஊசி போட்டு ரத்தக்குழாயை விரிய வைப்பாங்க, காபில இருக்குற கஃபைன் அந்த மருந்தை வேலை செய்ய விடாது, குழாய் சரியா விரியாம அடைப்பு இருந்தும் ரிப்போர்ட் நார்மல்னு வந்துடலாம். அதனால 24 மணி நேரம் முன்னாடியே காபி, டீ, கோலா, சாக்லேட் எல்லாம் கட். கஃபைன் எடுத்த டீகாஃப் காபியும் வேணாம், சாரிடான் மாதிரி சில தலைவலி மாத்திரைலயும் கஃபைன் இருக்கு, அட்டையைப் படிச்சுப் பாருங்க.

வீசிங்குக்கு டெரிஃபிலின் சாப்பிடுறவங்க கண்டிப்பா முன்கூட்டியே சொல்லணும், அதுவும் இதே மாதிரி தடுக்கும், ஆஸ்துமா இருந்தா ஊசியையே மாத்தி டோபுட்டமின் போடலாம். மெட்டோபுரோலால், அட்டெனோலால் மாதிரி பிபி, இதய மாத்திரையை சில சமயம் நிறுத்தச் சொல்லுவாங்க, ஆனா பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாருன்னு நீங்களா நிறுத்தாதீங்க. சுகர் இருந்தா, சாப்பிடாம எத்தனை மணி நேரம் இருக்கணும், அன்னைக்கு காலைல இன்சுலின் போடணுமான்னு கேட்டு வச்சுக்கோங்க.

அன்னைக்கு லூசா, முன்னாடி திறக்குற சட்டை போட்டுக்கிட்டு, துணைக்கு ஒரு ஆளோட போங்க, பாதி நாள் அங்கயே போயிடும். அடினோசின் போட்டா முகம் சூடாகி நெஞ்சு இறுக்குற மாதிரி இருக்கும், பயப்படாதீங்க, ஊசி நின்ன கொஞ்ச நேரத்துல சரியாயிடும், இருந்தாலும் பக்கத்துல இருக்குற டாக்டர்கிட்ட வாய் திறந்து சொல்லுங்க. இதயம் நல்லா வேகமா வேலை செய்யும்போது அந்தக் கதிர்வீச்சு மருந்து ஊசி, அப்புறம் ஒரு அரை மணி, ஒரு மணி நேரம் காத்திருக்கணும், நடுவுல பால் குடிக்கச் சொல்லலாம், ஈரல்ல தங்குன மருந்து இறங்குனாத்தான் படம் தெளிவா விழும். கேமரால கையை தலைக்கு மேல தூக்கி 15, 20 நிமிஷம் அசையாம படுக்கணும், தோள்வலி இருக்குறவங்களுக்கு இதுதான் பெரிய பாடு.

ஓய்வா இருக்கும்போது இன்னொரு படம் எடுப்பாங்க, ரெண்டையும் ஒப்பிடுறதுலதான் விஷயமே இருக்கு. வேலை கொடுக்கும்போது படத்துல மருந்து சேராம ஓட்டை மாதிரி தெரிஞ்ச இடம் ஓய்வுல நிரம்பிட்டா அங்க ரத்தம் பத்தலைன்னு அர்த்தம், ஆஞ்சியோ வரைக்கும் பேச்சு போகலாம். ரெண்டுலயும் ஓட்டையா இருந்தா பெரும்பாலும் பழைய அட்டாக்கோட தழும்பு. பொம்பளைங்களுக்கு மார்பகம் மறைச்சும் ஓட்டை மாதிரி தெரியுறது உண்டு, ரிப்போர்ட்டை கூகுள்ல போட்டுப் பாத்து ராத்திரி முழுக்க முழிச்சிருக்காதீங்க.

கர்ப்பமா இருந்தா, பால் கொடுக்குறவங்களா இருந்தா ஊசிக்கு முன்னாடியே சொல்லணும். முடிஞ்சதும் தண்ணி நிறைய குடிங்க, அன்னைக்கு மட்டும் பேரப்புள்ளைய ரொம்ப நேரம் மடில வச்சுக்காதீங்க. அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்குற நாள்ல நெஞ்சு வலியோட வேர்த்துக் கொட்டுச்சுன்னா ஸ்கேன் தேதியெல்லாம் பாக்காம 108க்கு அடிங்க.